காலணிகளை அடிவாரத்திலேயே விட்டுச் செல்லவும்

அந்தத் தீவுக்கு நான் போனதில்லை. ஆனால் அதன் சாலைகளில் ஏறத்தாழ ஓராண்டு காலம் நடந்திருக்கிறேன். சாலைகளை நிழற்படங்களாக விரித்துக் காட்டும் வரைபடம் கணினியில் இருக்கிறது. திரையில் ஓரிடத்தைத் தொட்டால் பத்தடி முன்னே நகரலாம்; மீண்டும் தொட்டால் இன்னும் பத்தடி. இப்படித்தான் கரும்புத் தோட்டங்களின் ஓரமாகவும், கடலை ஒட்டிய கரும்பாறைகளின் நடுவிலும், மலைச்சரிவில் நிற்கும் தகரக் கூரை வீடுகளைக் கடந்தும் போய்க்கொண்டிருந்தேன். வழியில் எதிர்ப்படுகிறவர்களின் முகங்களை அந்த வரைபடத்தில் மங்கலாக்கியிருப்பார்கள். கடை வாசலில் நிற்கும் பெண், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் கிழவர், பேருந்துக்குக் காத்திருக்கும் நான்கைந்து பேர், யாருக்குமே முகம் கிடையாது. நாளெல்லாம் முகமில்லாத மனிதர்களிடையே நடந்துவிட்டு நிமிர்ந்தால், சன்னலுக்கு வெளியே திருத்தணி மலை நின்றுகொண்டிருக்கும்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, கடலுக்கடியிலிருந்து எரிமலை எழுப்பிய தீவு அது. ரீயூனியன் என்று பெயர். கரும்பு வெட்டுவதற்காக நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வழிவந்தோர் அங்கே இருக்கிறார்கள். தமிழ் பேச்சிலிருந்து போய்விட்டது, முருகன் போகவில்லை. அவர்கள் கட்டிய கோயில்களை வணங்கி, அப்படியே அருவிகளையும் எரிமலையையும் பார்த்து வருவதற்குச் சென்னைப் பயண நிறுவனம் ஒன்று ஆட்களை அழைத்துப் போகிறது. பயணிகளுக்குக் கொடுக்கும் கைப்புத்தகத்தைத் தமிழில் எழுதித் தரும் வேலை எனக்கு. முப்பது இடங்கள், ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம். ஆங்கிலக் குறிப்பும் சில படங்களும் அனுப்புவார்கள். மீதியை நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சமூகப்பணியில் முதுகலை படித்தவள் நான். செங்கல் சூளைகளில் வேலை செய்யும் குடும்பங்களுக்காக இயங்கிய தொண்டு அமைப்பொன்றில் நான்காண்டுகள் இருந்தேன். அதை மூடிவிட்டார்கள். பெங்களூரில் அண்ணனுக்குக் குழந்தை பிறந்ததும் அம்மா அங்கே போய்விட்டார். அப்பா இல்லை. நான் மட்டும் இங்கேயே தங்கிவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறேன். ஒன்றும் பொய்யில்லை, ஒன்றும் முழுமையும் இல்லை. செய்யும் செயலால் யாருக்கு என்ன விளையும் என்று முன்கூட்டி எண்ணிப் பார்க்கும் பழக்கம் படிப்பால் வந்ததா, பிறவியிலேயே இருந்ததா தெரியவில்லை. இந்த வேலையால் யாருக்கும் பெரிய நன்மையில்லை, தீமையும் இல்லை என்று கணித்தே ஒப்புக்கொண்டேன்.

வீட்டின் கீழ்த்தளத்தில் இரு சக்கர வாகனங்கள் பழுதுபார்க்கும் கடை. கடைக்காரரை எல்லோரையும் போல நானும் பாய் என்றுதான் அழைப்பேன். மாலையில் பால் வாங்க இறங்கும்போது, கையில் இருக்கும் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே கேட்பார்: "இன்னாம்மா, தீவுல இருந்து வந்துட்டியா? இன்னிக்கி அங்க இன்னா விசேஷம்?"

"மழை பெய்யுது பாய்" என்பேன், அல்லது "அருவி பார்த்தேன்" என்பேன். பல நாள்களில் நான் வாய்விட்டுப் பேசியது அந்த ஒரு வரியாகத்தான் இருக்கும்.

சென்ற ஆண்டின் இறுதியில் கைப்புத்தகம் அச்சானது. கோடையின் தொடக்கத்தில் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், பள்ளிப்பட்டு உங்களுக்குப் பக்கம்தானே? தை மாசம் போன குழுவுல அந்த ஊர்க்காரர் ஒருத்தர் மனைவியோட வந்திருந்தார். ரிட்டயர்ட் பஸ் டிரைவர். ரொம்ப ரசிச்சுப் பார்த்தவராம். அடுத்த பதிப்புக்கு அவரோட அனுபவத்தை நாலு வரி கேட்டு எழுதித் தர முடியுமா? பயணத்துல கால்ல ஏதோ சின்ன அடி போல. அதையும் ஒரு வார்த்தை விசாரிச்சிட்டு வந்திடுங்க."

சின்ன அடி என்றுதான் சொன்னார்.

மறுநாள் முற்பகலில் பேருந்து பிடித்துப் போனேன். விசைத்தறிகளின் ஓசை தெருமுனையிலேயே எதிர்கொண்டது. வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை; டிரைவர் வீடு என்றால் ஊருக்கே தெரிந்திருந்தது. முன்னறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது கால் இரண்டு தலையணைகளின் மேல் இருந்தது. கணுக்கால் வரை கட்டு. அருகே பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி. தறி ஓட்டுபவர் என்பது சட்டையில் ஒட்டியிருந்த நூல் பிசிர்களிலிருந்து தெரிந்தது. மனைவி சமையலறை வாசலில் நின்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆபீஸ்ல இருந்து வந்துகிறியா? குந்தும்மா, ஃபேனுக்குக் கீழ குந்து" என்றார் டிரைவர். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "தோ, புக்க எடுத்துகினு வா. எல்லாத்தையும் சொல்றேன்."

"பாவா சொல்றத எல்லாம் எழுதிக்காதம்மா" என்றார் மைத்துனர். "முப்பது வருசம் பஸ் ஓட்னவரு. அங்க போயி பஸ்ல குந்திகினு வாந்தி எடுத்துட்டு வந்துகிறாரு."

"டேய், நீ போயி தறியப் பாரு. ஓட்றவனுக்கு வாந்தி வராதுடா. பின்னால குந்திகினு வரவனுக்குதான் வரும். அதுவும் அவன் ரோட்ல ரைட்டு பக்கம் ஓட்றான். எதிர்ல லாரி வரும்போதெல்லாம் என் காலு சும்மா பிரேக்கத் தேடிகினே இருக்குது."

மனைவி கொண்டுவந்து கொடுத்தது என் கைப்புத்தகம். அட்டை மடங்கியிருந்தது, நடுவில் சில பக்கங்கள் நீர் பட்டு உப்பியிருந்தன. டிரைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார்.

"தா, இது. நானூறு வளைவு இருக்கிற மலைப்பாதைன்னு போட்டுகிறான். நூத்திப்பத்து வரிக்கும் எண்ணினேன். அப்பாலதான் வாந்தி. ஆனா அந்த டிரைவர் பையன் கெட்டிக்காரன்மா. ஒரு எடத்துல சுரங்கம் மாதிரி பாறையக் கொடஞ்சி வெச்சிகிறான், பஸ்ஸு உள்ள போனா ரெண்டு பக்கமும் ஒரு சாண்தான் எடம். கண்ணாடிய மடக்காமலே போறான். எறங்கினதும் நான் போயி கைகுடுத்தேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவன் பாஷ தெரியாது. ஸ்டீயரிங்க புடிக்கிற மாதிரி கைய வெச்சிக் காமிச்சேன். அவன் சிரிச்சிகினே எழுந்து, சீட்ட எனக்கு விட்டுட்டான்."

"ஓட்னீங்களா?"

"குந்திப் பார்த்தேன். அது போதும்."

மணமகளின் முகத்திரை என்று நான் மொழிபெயர்த்திருந்த அருவியை அவர்கள் வண்டிக்குள்ளிருந்தே பார்த்திருக்கிறார்கள். நிறுத்த இடம் கிடைக்கவில்லை. வானிலிருந்து இறங்கும் வெண்பட்டு என்று எழுதியிருந்தேன். "மல தலகாணியப் பிரிச்சி பஞ்ச ஒதறினாப்ல இருந்துச்சி" என்றார் அவர். அவர் சொன்னதுதான் சரி என்று பட்டது. நெருப்புக் குழம்பு வாசல் வரை வந்து இரண்டாகப் பிரிந்து போன மாதாகோயிலின் முன்னால் அவருடைய மனைவி வெகுநேரம் நின்றிருக்கிறார்.

"அந்தப் பாறையத் தொட்டுப் பார்த்தேன்" என்றார் அந்த அம்மாள், முதல் முறையாக வாய் திறந்து. "உள்ள வராம நின்னுகிச்சி பாரு. எந்த சாமியா இருந்தா இன்னா."

எரிமலை உச்சியைப் பற்றிக் கேட்டேன். கைப்புத்தகத்திலேயே நான் மிகவும் உழைத்து எழுதிய பகுதி அது. மைத்துனர் முந்திக்கொண்டார்.

"மேகத்தப் பார்த்துட்டு வந்தாங்க. எரிமலைன்னு இட்டுகினு போயி குளுர்ல நடுங்க வெச்சிகிறான். அக்கா ரெண்டு பொடவையப் போத்திகினு நிக்குது, ஃபோட்டோ இருக்குது பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு வீட்டில், மின்விசிறியின் கீழ், மூன்று பேருடன் சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று என்ற எண்ணம் அந்தச் சிரிப்பின் நடுவிலேயே வந்தது.

"இத எழுதினவரு யாரும்மா?" என்று கேட்டார் டிரைவர். "அங்கியே இருக்கறவரா?"

நான்தான் என்று சொல்வதற்கு என்ன தடை? பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே போகாமலே எழுதினேன் என்பது வெளிப்பட்டுவிடும் என்று கூச்சமாக இருந்தது.

"ஆபீஸ்ல எழுதுவாங்க" என்றேன்.

அதன் பிறகுதான் காலைப் பற்றிக் கேட்டேன். கேட்கும்படி சொல்லியிருந்தார்களே என்பதற்காகக் கேட்டேன்.

கடற்கரைச் சாலையில், ஒரு காலத்தில் நெருப்புக் குழம்பு வழிந்து உறைந்த வெளி இருக்கிறது. அதன் நடுவே சிறிய முருகன் கோயில். சாலையிலிருந்து கால் மணி நேரம் ஏறி நடக்க வேண்டும். அன்று வழிகாட்டி இன்னொரு வண்டியில் பின்னால் வந்துகொண்டிருந்தாராம். வண்டி நின்றதும் டிரைவர் தம் செருப்பைச் சாலையோரத்திலேயே கழற்றி வைத்துவிட்டு நடந்தார். மற்றவர்கள் கல்லைப் பார்த்ததும் தயங்கி மாட்டிக்கொண்டார்கள். அவர் மட்டும் வெறுங்காலோடு போனார்.

"எனக்கு சுகருமா. பாதத்துல அவ்ளவா ஒணர்ச்சி கெடையாது. வலியே தெரில. கோயில் உள்ள சிமிட்டித் தரை. அங்க போயி திரும்பிப் பார்த்தா, நான் வந்த வழியெல்லாம் செவப்பா அடி அடியா இருக்குது. இதுதான் மொதல்ல பார்த்துச்சி" என்று மனைவியைக் காட்டினார்.

மனைவி சமையலறைக்குள் போய்விட்டார்.

ஊருக்குத் திரும்பியும் புண் ஆறவில்லை. வேலூரில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். குதிகாலில் இன்னொரு புண். ஆடிக்குள் அது மூடாவிட்டால் கணுக்காலுக்கு மேலே எடுக்க நேரலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

கைப்புத்தகம் என் மடியில் இருந்தது. இருபத்திரண்டாம் பக்கத்தைத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. அந்த வரி எனக்கு நினைவிருந்தது. 'காலணிகளை அடிவாரத்திலேயே விட்டுச் செல்லவும்.' ஆங்கிலக் குறிப்பில் இருந்தது வேறு: கோயிலுக்குள் காலணி கூடாது. அவ்வளவுதான். கோயில் வாசலில் கழற்றி வைக்க ஒரு கல் இருப்பதாகவும் அதில் போட்டிருந்தது. ஆனால் முருகன் கோயில், ஏறிப் போகும் பாதை என்ற இரண்டையும் சேர்த்துப் படித்தபோது என் கண்முன் வந்தது எங்கள் திருத்தணி மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிகள். முதல் படிக்கு முன்னால் செருப்பைக் கழற்றுவது எனக்கு நினைத்துச் செய்யும் செயல் இல்லை. கால் தானாகச் செய்வது. அந்தக் கால்தான் அந்த வரியை எழுதியது. கண்ணாடிச் சில்லு போல் ஓரங்கள் நிற்கும் பாறையை எத்தனையோ முறை திரையில் கடந்திருந்தும் அது உறுத்தவில்லை. திரையில் நடக்கும் எனக்குப் பாதம் இருக்கவில்லை.

"நான் செஞ்ச தப்புதான்மா" என்றார் அவர். குரல் தணிந்திருந்தது. "ரொம்ப வருசத்துக்கு மின்ன. நல்ல மழ. பஸ்ஸு நெறஞ்சி போச்சி, படியில தொங்கிகினு வராங்க, டைமும் ஆயிடுச்சி. ஒரு ஸ்டாப்புல பொம்பள ஒருத்தி, கொழந்தைய முந்தானைல மூடிகினு கைய காட்றா. நான் நிறுத்தல. கண்ணாடியில பார்த்தேன், பின்னாடியே கொஞ்ச தூரம் ஓடி வந்தா. செருப்பு கெடையாது. அதுக்கு அப்பால வண்டி இல்ல. அவ நடந்துதான போயிருப்பா? அந்த நடையதான் முருகன் என்ன நடக்க வெச்சான். இல்லன்னா அத்தன பேர் போறாங்க, எனக்கு மட்டும் ஏன் வரணும்?"

மைத்துனர், "விடு பாவா, எந்தக் காலத்துக் கதைய" என்றார். இதைப் பலமுறை கேட்டவர் போல எழுந்து தறிக்குப் போனார்.

நான் விடைபெற்றுக்கொண்டு எழுந்தேன். வாசல் வரை வந்த அந்த அம்மாள், "நாலு வரி எழுதிகினியா?" என்று கேட்டார். "ஆங்" என்றேன்.

பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது கைகாட்டினால் ஓட்டுநரைப் பார்த்தேன்.

அன்று மாலையே நிறுவனத்துக்கு எழுதினேன். இருபத்திரண்டாம் பக்கத்து வரி தவறு, அது என் தவறு, அச்சிட்ட படிகளிலும் ஒட்டுத்தாள் ஒட்டித் திருத்த வேண்டும் என்று எழுதினேன். யாரும் காரணம் கேட்கவில்லை. கட்டை விரலை உயர்த்திய படம் ஒன்று பதிலாக வந்தது. ஒரு வாரத்தில் திருத்திய பக்கத்தின் படமும் வந்தது. இனிப் போகிறவர்களின் கால்களுக்கு ஆபத்தில்லை. விளைவுகளை எண்ணிப் பார்ப்பவள் என்ற வகையில், என் கடமையின் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. ஆனால் மீதி அந்தக் கட்டிலில் கிடந்தது.

அவரிடம் சொன்னால் என்ன ஆகும்? விரல் திரும்ப வளரப் போவதில்லை. அவர் தம் காலுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அந்தக் காரணத்தில் ஒரு கடவுள் இருக்கிறார், ஒரு நீதி இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, திருத்தணி மாடி அறையில் உட்கார்ந்து ஒருத்தி கவனக்குறைவாக எழுதிய ஒற்றை வரியை அங்கே வைத்தால், வலியைத் தாங்க அது உதவுமா? இன்னொன்றும் தோன்றியது. சொல்ல வேண்டும் என்று நான் துடிப்பது அவருக்காகவா, இந்த அறையில் அதை வைத்துக்கொண்டு தனியாக இருக்க முடியவில்லை என்பதற்காகவா? சொல்லாமல் விட்டாலோ, மழையில் ஓடிவந்த அந்தப் பெண்ணை அவர் ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பார். கால் போய்விட்டால், சாகும் வரைக்கும் பார்ப்பார்.

யாரிடமாவது கேட்கலாம் என்று நினைத்தேன். அம்மாவை அழைத்தேன், குழந்தை அழுகிறது, பிறகு பேசுகிறேன் என்றார். பழைய தோழிகள் இருவருக்குச் செய்தி எழுதத் தொடங்கி அழித்தேன். இத்தனை நீளமாக எதையும் அவர்களிடம் சொல்லி நாளாகியிருந்தது.

"இன்னாம்மா, தீவுல இன்னா விசேஷம்?" என்று அன்றும் பாய் கேட்டார்.

"ஒருத்தருக்கு அடிபட்டுடுச்சு பாய்."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நெசமாவா? உன்னாலயா?"

வேடிக்கையாகத்தான் கேட்டிருக்க வேண்டும். வண்டி இடித்ததா என்ற பொருளில் கேட்டிருக்கலாம். நான் நின்றுவிட்டேன். "ஆமாம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்போ போயி பார்த்துட்டு வந்துடும்மா. லேட் பண்ணாத" என்றார். பிறகு குனிந்து சங்கிலியை மாட்டத் தொடங்கிவிட்டார்.

ஆனி பிறந்த பிறகே எனக்குத் துணிவு வந்தது. இந்த முறை மைத்துனர் இல்லை. கட்டு சற்றுச் சிறிதாகியிருந்தது போலத் தெரிந்தது. ஆனால் அவர் மெலிந்திருந்தார். "புக்குல என் பேரு வந்துட்ச்சா?" என்று சிரித்தார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். கைப்புத்தகத்தை எழுதியது நான்தான் என்றேன். தீவைக் கண்ணால் பார்த்ததில்லை என்றேன். ஆங்கிலத்தில் என்ன இருந்தது, நான் என்ன எழுதினேன், ஏன் அப்படி எழுதினேன் என்பதை, முன்பே பலமுறை மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த வரிசையில் சொன்னேன். வாசலில் செருப்பு வைக்கக் கல் இருக்கிறது என்பதையும் விடாமல் சொன்னேன். "அந்த நடையை உங்களுக்கு முருகன் வைக்கல. நான் வெச்சேன்" என்று முடித்தேன்.

தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மனைவி சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் மேலே சுழலும் விசிறியைப் பார்த்தார். "நீ இன்னா, சின்னப் பொண்ணு" என்றார். பிறகு, "கோயிலுக்குப் போறவன் செருப்ப கழட்டத்தான் செய்வான். நீ எழுதலன்னாலும் கழட்டியிருப்பேன். அத மனசுல வெச்சிக்காத."

"இல்லைங்க. அங்க போட்டிருந்ததாலதான்…"

"சரி, உன் தப்புன்னே வெச்சிக்கோ." குரலில் சட்டென்று ஒரு கடுமை வந்தது. "அப்போ அந்தப் பொம்பள? நீ எழுதினது தப்புன்னா, நான் நிறுத்தாம போனது தப்பு இல்லன்னு ஆயிடுமா? அவ நடந்தது நடந்ததுதான?"

நான் கொண்டுபோனது அவருடைய சுமையை இறக்கும் என்று எண்ணியிருந்தேன். அவர் தம்முடையதைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, என்னுடையதை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதில் கோபம் இருந்ததா, பெருந்தன்மை இருந்ததா என்றுகூடப் பிரித்தறிய முடியவில்லை. பிறகு, "மோர் குடிச்சிட்டு போம்மா" என்றார்.

மோர் வரவில்லை. அந்த அம்மாள் என்னோடு வெளியே வந்தார். தெருக்கதவைச் சாத்திக்கொண்டு, தறிச் சத்தத்தை மீறி எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"அவரு சொல்றத நம்பாத. அவரா கழட்டல. போட்டுகினுதான் எறங்கினாரு. நான்தான் புக்க எடுத்துப் படிச்சி, 'தோ பாரு, கழட்டிட்டுப் போகணும்னு போட்டுகிறான், சாமி குத்தம் ஆயிடப் போவுது'ன்னு சண்ட போட்டுக் கழட்ட வெச்சேன். கல்லப் பார்த்தா எனக்கு ஒரு மாதிரியா இருக்குது, நான் போட்டுக்கறேன்னு நான் மட்டும் மாட்டிகினு போனேன்." முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டார். "இத்தன மாசமா ஒரு வார்த்த என்ன கேக்கல அவரு. எவளோ ஒருத்திய மழையில நிக்க வெச்சிகினு, அவதான் காரணம்னு சொல்லிகினே இருக்காரு. யாருக்காக சொல்றாருன்னு எனக்குத் தெரியாதா?"

அந்தப் பெண் மெய்யாகவே மழையில் நின்றாளா, மனைவிக்காக அவர் நிறுத்தி வைத்தவளா என்று நான் கேட்கவில்லை. விசிறியைப் பார்த்தபடி அவர் கேட்ட கேள்வியில் பொய் இல்லை என்றே எனக்குத் தோன்றியது. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

"நீ வந்து சொன்னது நல்லதுதான்" என்றார் அந்த அம்மாள். "நான் ஒருத்திதான்னு நெனச்சிகினு இருந்தேன். ஆனா இனிமே வராத. உன்னப் பார்த்தா அந்தக் கோயில் தரை ஞாபகம் வரும் எனக்கு."

"சரிங்க" என்றேன்.

"ஆடிக் கிருத்திகைக்கு வருசா வருசம் அவருதான் காவடி எடுப்பாரு. இந்த வருசம் நான் எடுக்கறேன்னு வேண்டிகினேன். காலு நிக்கணும்னு." கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

வராதே என்று சொன்னார். வீட்டுக்கு வராதே என்பதுதான் அதன் பொருள் என்று எனக்கு வேண்டிய வகையில் பொருள்கொண்டேன். ஆடிக் கிருத்திகையன்று விடிந்ததும் திருத்தணி மலை அடிவாரத்துக்குப் போனேன். மஞ்சள் உடைகளும் பூக்காவடிகளும் குளக்கரையிலிருந்து படிவரை நெருக்கிக்கொண்டிருந்தன. பம்பைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. முதல் படிக்கு முன்னால், செருப்புகள் குவிந்து கிடக்கும் இடத்தில் நின்றுகொண்டேன். நான் இன்னும் கழற்றவில்லை. ஏறப் போகிறவளாக நான் வரவில்லை.

ஆயிரமாயிரம் கால்கள் கடந்து போயின. வெடித்த குதிகால்கள், மருதாணி இட்ட விரல்கள், வெள்ளிக் கொலுசுகள், மெட்டிகள், ஒரு குழந்தையின் மஞ்சள் பூசிய பாதம். முகங்களைப் பார்க்க மறந்து கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. வெயில் ஏறிவிட்டது. பள்ளிப்பட்டுக்காரர்கள் முன்பே போய்விட்டார்களோ என்று ஐயம் வந்த வேளையில் அந்த அம்மாளைக் கண்டேன்.

மஞ்சள் புடவை. தோளில் பூக்காவடி, அதன் எடைக்குப் பழகாத உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பின்னால் அவருடைய தம்பி சொம்போடு வந்தார். டிரைவர் இல்லை. மலை மேல் போகும் சாலையில் வண்டியில் ஏறியிருப்பாரா, ஊரிலேயே இருக்கிறாரா, வேலூரில் இருக்கிறாரா என்று அந்த அம்மாளின் முகத்திலிருந்து படிக்க முயன்றேன். முகம் எதையும் காட்டவில்லை.

செருப்புக் குவியல் அருகே வந்ததும் என்னைப் பார்த்துவிட்டார். நின்றார். பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள். காவடியை மறுதோளுக்கு மாற்றிக்கொள்ள எடுத்துக்கொண்ட நேரம்தான் அவர் அங்கே நின்றது.

"புண்ணு மூடிகினு வருது" என்றார். "எடுக்க வேணாம்னு டாக்டரு சொல்லிட்டான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் முதல் படியில் கால் வைத்துவிட்டார். சற்று நேரம் அந்தக் காவடியின் மயிற்பீலி மற்றவற்றிலிருந்து தனியாகத் தெரிந்தது; பிறகு தெரியவில்லை.

கூட்டம் என்னை இருபுறமும் உரசிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தது. சில நிமிடங்கள் அங்கேயே நின்றுவிட்டு, வந்த வழியே செருப்போடு வீட்டுக்கு நடந்தேன். கடை பூட்டியிருந்தது; கிருத்திகைக் கூட்டத்தில் வண்டி எதுவும் உள்ளே வர முடியாதென்று பாய் அன்று கடை திறக்கவில்லை. தீவில் என்ன விசேஷம் என்று கேட்பதற்கு யாரும் இல்லாத படிக்கட்டில் ஏறி அறைக்குப் போனேன்.